கிருத்திகையன்று போட்ட கருவாடு

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. 'நம்ம ஊட்டு சாப்பாடு' என்று பெயர் வைத்தவள் திருநின்றவூரில் இருக்கும் என் நாத்தனார். ராத்திரி எட்டு மணிக்குள் அவரவர் வீட்டுத் தட்டு அதில் வந்து விழுந்துவிட வேண்டும். நாத்தனார்தான் முதலில் போடுவாள். சப்பாத்தி, குருமா, ஓரத்தில் வட்ட வட்டமாக வெங்காயம், அதன் தலையில் ஒரு கொத்தமல்லி இலை. ஹோட்டல்காரன் தோற்றான். அடுத்தது அத்திப்பட்டிலிருந்து என் ஓரகத்தி. மாமியார் அவளோடு இருக்கிறார். மாமியாருக்கு எழுதப் படிக்க வராது, அதனால் பேசித்தான் அனுப்புவார். "இன்னிக்கு இன்னா ஆக்கினீங்க, போடுங்க பாக்கலாம்." தினமும் அதே குரல், அதே கேள்வி.

யாராவது போடாமல் விட்டால் நாத்தனார் போன் செய்வாள். "இன்னா அண்ணி, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" அக்கறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாள் தவறாமல் எட்டு மணிக்கு வந்தால் அக்கறையும் அட்டெண்டன்ஸ்தான்.

ஊரடங்கு சமயத்தில் தொடங்கியது இது. அப்போது நன்றாகவே இருந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத காலம். இருக்கிற பருப்பை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதில் ஒரு துணை இருந்தது. ஓரகத்தி முருங்கைக்கீரையில் அடை தட்டுவதை நான் அதில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பிறகு ஊரடங்கு போய்விட்டது. குரூப் போகவில்லை. அடுத்தவள் நேற்று வத்தக்குழம்பு போட்டாள் என்றால் நாம் இன்றைக்கு ரசத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. உப்புமா போட்டால் மாமியார் ஒரு பெருமூச்சை ரெக்கார்டு செய்து அனுப்புவார். நிஜமாகவே அனுப்பியிருக்கிறார்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியில், கம்பெனிகள் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடி போர்ஷன். இரும்பு உருக்கும் கம்பெனியில் என் கணவருக்கு உலைப் பக்கம் வேலை. அந்த மாதிரி கம்பெனிகளின் கரி காற்றில் வந்து ஜன்னல் கட்டையில் படியும். துடைத்தால் துணி போய்விடும், கரி போகாது. அதனால் ஜன்னலை மூடித்தான் வைத்திருப்போம். திறந்தால் கரி, மூடினால் தாளிப்பு. இந்த வீட்டில் கருவாடு ஆக்கினால் மறுநாள் தலையணை உறையில்கூட அந்த வாசம் இருக்கும். துவைத்து மடித்த புடவையில் இருக்கும்.

மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு 'பி' ஷிப்ட் வரும் வாரத்தில் நான் ஒருத்திதான். மத்தியானம் கிளம்பிப் போவார், ராத்திரிச் சாப்பாடு கம்பெனி கேன்டீனில் முடிந்துவிடும், வந்ததும் குளித்துவிட்டுப் படுத்துவிடுவார். அந்த வாரங்களிலும் நான் ஆக்கினேன். எனக்காக மட்டும் குழம்பு வைத்து, பொரியல் செய்து, தட்டை விளக்குக்கு நேராக நகர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஆறிப்போனதை உட்கார்ந்து தின்பேன். ஒரு நாள் வாய்க்குள் சோறு இருக்கும்போதே அழுகை வந்தது. யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, வயிறு நிறையச் சோறு இருக்கிறது. அப்புறம் எதற்கு அழுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை.

கீழ் வீட்டுப் பெண்தான் ரப்பர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். கார்களுக்குப் போகிற ரப்பர் வளையங்கள். அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் பிசிறு நிற்கும், அதை வெட்டிச் சுத்தம் செய்து, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு விடுவார்கள். அவரிடம் கேட்டேன். அவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு இன்னா வந்துது, நீ போ. எங்கம்மாதான் ஒத்துக்க மாட்டாங்க. ராத்திரில அடுப்பு எரியாத ஊட்ல லட்சுமி தங்க மாட்டான்னு சொல்றவங்க அவங்க. அதனால அவங்களுக்குத் தெரியவே கூடாது. குரூப்ல போட்டோ மட்டும் கரெக்டா வந்துடணும். என்னிக்குத் தெரியுதோ அன்னிக்கு நிறுத்திடணும், சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல? கிடைத்த வரை லாபம் என்று நினைத்தேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. நீளமான மேசையில் இரண்டு பக்கமும் பெண்கள். கை வேலை செய்யும், வாய் அதன் பாட்டுக்குப் பேசும். பத்தரைக்கு டீ வரும். நான் போடாத டீ. சர்க்கரை தூக்கலாக, சில நாள் கருகிய வாசத்தோடு வரும். அதை யாரோ ஒருவர் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார் என்பதே எனக்குப் போதும். அந்த டீக்காகவே அந்த வேலைக்குப் போகலாம். மத்தியானம் கேன்டீன் சாம்பாரை எல்லாரும் வாய்க்கு வந்தபடி வைவார்கள். நான் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிடுவேன்.

போட்டோவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் வீட்டில் இருக்கும் வாரங்களில் பிரச்சினை இல்லை, வந்ததும் ஆக்கிவிடுவேன். 'பி' ஷிப்ட் வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் சமையல் திருவிழா. இரண்டு குழம்பு, ஒரு கூட்டு, ஒரு வறுவல். அதையே ஒரு முறை எவர்சில்வர் தட்டில், ஒரு முறை இலையில், ஒரு முறை நாத்தனார் தீபாவளிக்குக் கொடுத்த பூப்போட்ட தட்டில். ஜன்னலில் வெளிச்சம் தெரியாதபடி திரையை இழுத்துவிட்டு எடுப்பேன். அந்த வாரம் முழுக்க தினம் ஒன்றாக அனுப்புவேன். நிஜத்தில் கீழே கடையில் நாலு இட்லி வாங்கித் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பேன். ஒருத்திக்கு எதற்கு அடுப்பு?

இதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது. மாமியாரின் குரல் போனில் கேட்டாலே கண்டுபிடித்துவிட்டாரோ என்றுதான் முதலில் தோன்றும். தட்டை நகர்த்தி நகர்த்திப் போட்டோ எடுக்கும்போது அந்த அம்மாவை வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

மாமியாருக்கு மாதா மாதம் வரும் கிருத்திகை என்றால் உயிர். என் கணவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜுரத்தில் கிடந்து பிழைக்க மாட்டார் என்று கைவிட்டுவிட்டார்களாம். அப்போது திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளை பிழைத்தால் என் வம்சத்தில் யாரும் கிருத்திகையன்று கவுச்சி தொட மாட்டோம் என்று. அன்றைக்கு விடிந்ததும் குரூப்பில் குரல் வந்துவிடும்: "இன்னிக்குக் கிருத்திகை, யாரும் கவுச்சி தொடாதீங்க. என் புள்ள உசுரு அது." தலைவலிக்கு மாத்திரை போட்டாலும் அதில் மீன் எண்ணெய் இருக்குமோ என்று கேட்கிற ஆள்.

அந்தக் கிருத்திகை ஒரு 'பி' ஷிப்ட் வாரத்தில் வந்தது. காலையில் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். கத்திரிக்காய் காரக்குழம்பு போட்டோ ஒன்று வைத்திருந்தேன், அதைத்தான் அனுப்புவதாக இருந்தேன். சாயங்காலம் லோடு போக வேண்டும் என்று எட்டு மணி வரை ஓவர்டைம் என்றார்கள். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டார்கள், லாக்கரில் வைக்க வேண்டும். ஏழு மணிக்கு டீக்கு விட்டபோது ஓடிவந்து லாக்கரைத் திறந்தேன். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவியிருப்பார்கள். விரலெல்லாம் அந்த வெள்ளைப் பவுடர். போன் நான் தொட்ட இடத்தை விட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அவசரத்தில் பார்த்தால் அதே கறுப்புச் சட்டி, அதே சிவப்புக் குழம்பு, அதே கத்திரிக்காய். போனது என்று பார்த்ததும் லாக்கரைப் பூட்டிவிட்டுத் திரும்ப ஓடினேன்.

எட்டு மணிக்கு வெளியே வந்து போனை எடுத்தால் குரூப் தீப்பிடித்திருந்தது. நான் அனுப்பியிருந்தது கத்திரிக்காய் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பு. துண்டு துண்டாக, வெள்ளியாகப் பளபளத்துக்கொண்டு, சந்தேகத்துக்கே இடமில்லாமல் கருவாடு.

நாத்தனார் அழுகிற பொம்மை ஏழெட்டுப் போட்டிருந்தாள். ஓரகத்தி 'அய்யோ' என்று மட்டும் எழுதியிருந்தாள். மாமியாரின் குரல்கள் வரிசையாக இருந்தன. முதலாவதில் கோபம். "ஏம்மா, இன்னிக்கு இன்னா நாளு, நீ இன்னா ஆக்கி வெச்சிருக்குற?" கடைசியில் கோபம் இல்லை, அழுகைதான் இருந்தது. "என் புள்ள நெருப்புக்கிட்ட வேல செய்றான்டி."

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அம்மா இன்னும் ஒரு வா தண்ணி குடிக்கல, அழுதுகினு இருக்கு. நெஜமாவே ஆக்கினீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டோ பழசாக இருக்குமோ என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. நான் கிருத்திகையன்று கருவாடு ஆக்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறார்கள். அது பழைய போட்டோ என்று ஒரு வார்த்தை சொன்னால் பாவம் கழிந்துவிடும். ஆனால் பழைய போட்டோவை ஏன் போட்டாய், எட்டு மணிக்கு வீட்டில் இல்லாமல் எங்கே போனாய் என்று அடுத்த கேள்வி வரும். வேலை போய்விடும். வேலை வேண்டுமென்றால் பாவத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் போனால் கிணறு, அந்தப் பக்கம் போனால் குளம்.

பாவத்தை எடுத்துக்கொண்டேன். "ஆமா, கிருத்திகைன்னு மறந்து போயி கருவாடு ஆக்கிட்டேன். அத்தைகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லு" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிருத்திகைலயா ஆக்கின?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். காலை எட்டரையிலிருந்து என்னோடு ரப்பர் வெட்டியவள் அவள்! நான் எங்கே போய்க் கருவாடு ஆக்கினேன் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

வீட்டுப் படி ஏறினால் வாசலில் அவருடைய ஷூ கிடந்தது. 'பி' ஷிப்டில் அந்த நேரத்துக்கு அவர் வரவே மாட்டார்.

சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தார். கருவாட்டுச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையே கவிழ்த்தது. மற்றப் பாத்திரங்களின் மூடியையெல்லாம் திறந்து திறந்து வைத்திருந்தார்.

"அம்மா போன் பண்ணி ஒரே அழுகை. ஒலைக்கிட்ட நிக்காத, ஊட்டுக்குப் போடான்னு பேஜாரு பண்ணிட்டாங்க. சூப்பர்வைசர்கிட்ட பர்மிஷன் கேட்டு வந்தேன்" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "கருவாடு எங்க?"

நான் பையை ஆணியில் மாட்டினேன்.

"ஊடு நாறலியே" என்றார்.

நாறவில்லை. மூடின வீட்டில் பினாயில் வாசம் மட்டும் இருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் பவுடர் இன்னும் வெள்ளையாக இருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவர் அம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்துட்டியாடா? நல்லா இருக்கியா? கை கால்லாம் நல்லா இருக்குதா?"

"வந்துட்டேம்மா. ஊடே நாறுது. அத்தினியும் கொட்டச் சொல்லிட்டேன். நீ அழுவாத."

"முருகா, அவ தெரியாம செஞ்சிட்டா, என் புள்ளய ஒண்ணும் பண்ணிடாதப்பா." அவர் கட் செய்தார்.

எனக்காகப் பொய் சொல்லிவிட்டார் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு இளகிப்போனது உண்மை. காலில் விழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன் மானத்தக் காப்பாத்திட்டேன். விசயம் அம்மா காதுக்குப் போவாது. நாளைக்கே கம்பெனிக்குப் போன் பண்ணி, இனிமே வரலன்னு சொல்லிடு. போதும், ஆசைக்குப் போயிட்டு வந்துட்ட."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதுவிட்டு ஒத்துக்கொண்டும் இருப்பேன். எனக்கு ஏதோ நல்லது செய்கிற குரலில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவத்தையும் நான் தலையில் சுமந்தாயிற்று, இப்போது வேலையும் போகிறது. அங்கே ஒரு வயதான அம்மா, தன் பிள்ளை செத்துவிடுவானோ என்று அடுத்த கிருத்திகை வரை நடுங்கிக்கொண்டிருக்கப் போகிறார். இவ்வளவும் எதற்கு? யாரும் ஆக்காத ஒரு கருவாட்டுக்கு!

போனை எடுத்துக் குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்தேன். அவர் "ஏய், இன்னா பண்ற?" என்று எழுவதற்குள் பேசிவிட்டேன். "அத்தே, நான் இன்னிக்குக் கருவாடு ஆக்கல. ஊட்ல அடுப்பே பத்த வெக்கல. அது ஞாயித்துக்கிழமை எடுத்த போட்டோ. நான் ரப்பர் கம்பெனிக்கு வேலைக்குப் போறேன். இப்பத்தான் வந்தேன். உங்க வேண்டுதல் கெடல. அழுவாதீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

போய்விட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முடிஞ்சுது போ" என்றார். எனக்கும் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. சுவரில் சாய்ந்து நின்றேன். கால் வலித்தது.

குரல் வந்தது. இரண்டு பேரும் கேட்டோம்.

"ஆக்கலியா? நெஜமா ஆக்கலியா? முருகா, என் அப்பனே!" கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. அப்புறம் பழைய மாமியார் திரும்பி வந்தார். "ஏம்மா, இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? உசுரக் கையில புட்சிகினு உக்காந்துகினு இருக்கேன். வேலைக்குப் போறன்னா போ. திருடவா போற, மறைக்கிறதுக்கு? நான் உப்பளத்துக்குப் போயிகினு இருக்கச்சொல்ல ராத்திரில எந்த அடுப்பு எரிஞ்சுது? அவனையே கேளு. பழைய சோத்துல மோர ஊத்திக் குடுப்பேன், துன்னுட்டுப் படுத்துக்குவான். ஆனா ஒண்ணு, கிருத்திகைல கருவாட்டு மூஞ்ச எனக்குக் காட்டுனதுக்குத் திருத்தணில ஒரு தேங்கா ஒடச்சிடு."

திருப்பிப் போட்டுக் கேட்டேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்த அம்மாவையா நான் இத்தனை நாளாகத் தட்டுக்கு முன்னால் நின்று திட்டிக்கொண்டிருந்தேன்? அவர் கேட்டது தன் பிள்ளையின் உயிரை மட்டும்தான்.

"உங்கம்மா ஒத்துக்கினாங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா ஒத்துக்கினா ஆச்சா? எனக்குப் புடிக்கல" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் அம்மா ஒத்துக்க மாட்டாங்க, அம்மாவுக்குப் புடிக்காது என்று கேட்டே பழகியவள் நான். 'எனக்குப் புடிக்கல' என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பூட்டு எங்கே தொங்குகிறது என்று தெரிந்துவிட்டது. அத்திப்பட்டில் இல்லை, இந்த அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

போனை அவர் வாய்க்கு நேரே நீட்டி மைக்கை அழுத்தினேன். "இதையும் உங்க வாயால சொல்லிடுங்க. உங்க அம்மாவும் தங்கச்சியும் கேக்கட்டும்."

அவர் வாயைத் திறக்கவில்லை. போனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கை ஓயும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு விரலை எடுத்தேன். ஃபேன் சத்தம் மட்டும் குரூப்புக்குப் போயிற்று.

"இன்னாம்மா இது, ஒண்ணும் கேக்கலியே?" என்று மாமியார் கேட்டார்.

"உங்க புள்ளைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியாம் அத்தே" என்றேன்.

மறுநாள் காலை நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இன்று வரை இரண்டையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வருமா என்று ஒரு கணம் நிற்கிறேன். வராவிட்டால் படி இறங்கிப் போகிறேன்.